கேன்சல் செய்த பின்னும் பிரிண்டர் அச்சிடுவது ஏன்?

தவறான பைலுக்கு பிரிண்ட் கொடுத்துவிட்டு, உடனே கம்ப்யூட்டரில் கேன்சல் செய்கிறீர்கள். ஆனாலும் பிரிண்டர் இரண்டு மூன்று பக்கங்களைத் தள்ளிவிட்டுத்தான் ஓய்கிறது. பிரிண்டர் கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். அது தன் மெமரியில் ஏற்கனவே வாங்கி வைத்ததை அச்சிடுகிறது.

கம்ப்யூட்டர் தகவல்களை வேகமாக அனுப்பும். பிரிண்டரோ மெதுவாகத்தான் அச்சிடும். எனவே வருகின்ற தகவல்களைத் தற்காலிகமாகத் தேக்கி வைக்க பிரிண்டருக்குள் ஒரு மெமரி இருக்கிறது. இதனை பபர் என்கிறோம். மோட்டாரை நிறுத்திய பின்னும் மாடித் தொட்டியில் உள்ள தண்ணீர் குழாயில் வருகிறதல்லவா? அதே கதைதான்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு கம்பெனிகளில், கார்பன் நகலுடன் சலான் போடுவதற்கு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள் இன்றும் உழைக்கின்றன. இவ்வகையில் எப்சன் எல்எக்ஸ்-310 பிரிண்டரின் பபர் 128 கேபி. வரிக்கு 80 எழுத்து, பக்கத்திற்கு 60 வரி எனில், ஒரு பக்க ஆங்கில டெக்ஸ்ட் சுமார் 5 கேபிதான். ஆக, 25 பக்கங்கள் வரை பபரில் காத்திருக்கலாம்!

தமிழ் என்றால் கணக்கு மாறும். பிரிண்டருக்குள் தமிழ் எழுத்துரு இல்லாததால், விண்டோஸ் அதனைப் புள்ளிகளாலான படமாக அனுப்புகிறது. அங்குலத்திற்கு 120க்கு 72 புள்ளிகள் என்ற அளவில், 8க்கு 11 அங்குலப் பக்கம் சுமார் 95 கேபி ஆகும். ஒரே பக்கத்தில் பபர் பெரும்பாலும் நிறைந்துவிடும். தமிழ் பில் மெதுவாக வருவதன் காரணம் புரிகிறதா?

லேசர் பிரிண்டரிலும் இதே பிரச்னை உண்டு. 600 டிபிஐ-யில் ஒரு ஏ4 பக்கத்திற்கு 4 எம்பிக்கு மேல் தேவை. ஆனால் எச்பி லேசர்ஜெட் 1020-இல் இருப்பதோ 2 எம்பி மெமரி. கம்ப்யூட்டரில் உள்ள டிரைவர், பக்கத்தைச் சுருக்கி அனுப்பி இதைச் சமாளிக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிரிண்டருக்குப் போகும் முன், கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கிலும் உங்கள் பைல் வரிசையில் காத்திருக்கும். இதற்கு ஸ்பூலிங் என்று பெயர். எனவே இரண்டு இடங்களையும் காலி செய்திட வேண்டும்.

1. முதலில் டாஸ்க் பாரில் பிரிண்டர் ஐகானை டபுள் கிளிக் செய்து, வரிசையில் உள்ளதைக் கேன்சல் செய்திடவும்.
2. பின் பிரிண்டரில் உள்ள கேன்சல் பட்டனை அழுத்தவும். பட்டன் இல்லையெனில் பிரிண்டரை ஆப் செய்து, சில விநாடிகள் கழித்து ஆன் செய்திடவும். பபர் அழிந்துவிடும்.

பிரிண்டரை மட்டும் ஆப் செய்தால், மீண்டும் ஆன் செய்தவுடன் கம்ப்யூட்டர் அதே பைலை அனுப்பிவிடும். பிரவுசிங் சென்டரில் இப்படி விட்டுவந்தால், உங்கள் பேங்க் ஸ்டேட்மெண்ட் அடுத்தவர் கைக்குப் போகலாம்!

பிரிண்டர் சும்மா இருக்கிறதே என்று பிரிண்ட் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். நான் பார்த்த ஒரு கம்பெனியில், இப்படி மூன்று முறை அழுத்தியதால் வரிசை எண் அச்சிட்ட சலான் தாள்கள் மூன்று ஒரே பில்லுக்குப் போயின. வீணான இரண்டு எண்களுக்கு ஆடிட்டரிடம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. முதலில் வரிசையைத் திறந்து பாருங்கள், பிறகு அழுத்துங்கள்.