கப்பலை விட்டு இறங்கி மரைன் இன்சூரன்ஸுக்கு வருகிறவர்களுக்கு

இந்த வேலைக்கு வர நினைக்கும் கப்பல்காரர்களிடம் ஊரில் எல்லாரும் சம்பளத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். உண்மைதான். ஆரம்பத்தில் கடலில் வாங்கியதில் பாதிகூட வராது, என்.ஆர்.ஐ. சலுகை போய் வருமான வரியும் கட்ட வேண்டும். உங்களுக்கும் என்னைப் போல மாஸ்டர் டிக்கெட் கையில் இருக்கும், பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கும், வீட்டுக் கடனில் பெரும்பகுதி அடைந்திருக்கும். சமாளித்துவிடலாம்.

படிப்பும் பெரிய விஷயமில்லை. இன்சூரன்ஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியாவின் தேர்வுகள், 1963ஆம் ஆண்டு மரைன் இன்சூரன்ஸ் சட்டம், இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாசஸ் ஏ, பி, சி. சர்வேயராக வேண்டுமென்றால் பயிற்சியும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உரிமமும். டிக்கெட் பரீட்சை எழுதியவர் இதையும் எழுதிவிடுவார்.

எனக்கு அடி விழுந்தது வேறு இடத்தில். நான் சேர்ந்தது ரெக்கவரி வேலை செய்யும் ஓர் அலுவலகம். சரக்குக்காரருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்டஈடு கொடுத்த பிறகு, அந்தப் பணத்தைக் கப்பல் சொந்தக்காரரின் பி அண்ட் ஐ கிளப்பிடம் கேட்டு வாங்குவதுதான் வேலை. துருப்பிடித்த ஸ்டீல் காயில் ஃபைல் ஒன்று என்னிடம் வந்தது. சில்வர் நைட்ரேட் சோதனையில் பால் போல வெளுத்திருந்தது; கடல் தண்ணீர்தான். படங்களைப் பார்த்ததுமே ஹட்ச் கவரில் எந்த கிராஸ் ஜாயின்ட் வழியாக இறங்கியிருக்கும் என்று என்னால் சொல்ல முடிந்தது. அந்த அலுவலகத்தில் வேறு யாருக்கும் அது தெரியாது.

ஜெயித்திருக்க வேண்டிய கேஸ். ஆனால் ஹேக்-விஸ்பி விதிகளில் சரக்கு ஒப்படைத்த நாளிலிருந்து ஒரு வருடம்தான் கெடு. அதற்குள் வழக்குப் போட வேண்டும், இல்லையென்றால் எதிர்த்தரப்பு சம்மதித்து எக்ஸ்டென்ஷன் தர வேண்டும். தவறினால் கப்பல் தரப்பின் பொறுப்பே அற்றுப்போகும். எவ்வளவு நல்ல சர்வே ரிப்போர்ட்டும் உதவாது. என் மேலாளர் சொன்னார்: “கிளப்ல பேசிட்டேன், எக்ஸ்டென்ஷன் கிடைச்சாச்சு. நீங்க நஷ்டக் கணக்கைப் பாருங்க.” பிரிட்ஜில் கேப்டன் சொன்னால் திரும்பச் சொல்லிவிட்டுச் செய்வோம், எழுத்தில் கேட்க மாட்டோம். அப்படியே நம்பினேன். கெடு முடிந்த பிறகு, எக்ஸ்டென்ஷன் எதுவும் தரவில்லை என்று கிளப் எழுதியது.

ஃபைல் உங்கள் மேசையில்தானே இருந்தது என்றார் மேலாளர். தவறு என்னுடையது என்று எழுதித் தரச் சொன்னார்கள். அவர் சொன்ன வார்த்தையையும் சொன்ன தேதியையும் எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டேன். அன்று செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஃபைல் வந்த அன்றே டெலிவரி தேதியைப் பார்த்து, கெடு நாளை அட்டையில் எழுதிவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் கடிதம் யார் பெயரில் வந்திருக்கிறது என்று பாருங்கள். பில் ஆஃப் லேடிங்படி கேரியர் சார்ட்டரராக இருந்தால், கப்பல் சொந்தக்காரர் மட்டும் தந்த எக்ஸ்டென்ஷன் சார்ட்டரரைக் கட்டுப்படுத்தாது. அனுபவசாலிகளே இதில் வழுக்கி விழுகிறார்கள்.

மேலாளரிடம் எழுத்தில் கேட்பது மரியாதைக் குறைவு என்பார்கள். கேளுங்கள். “சார், நீங்க சொன்ன எக்ஸ்டென்ஷன் கடிதத்தை ஃபைலுக்கு அனுப்புங்க” என்று ஒரு வரி மின்னஞ்சல் போதும். கெடுவுக்கு ஒரு மாதம் முன்னால்கூடக் கடிதம் வரவில்லையென்றால், வழக்குத் தாக்கல் செய்ய வக்கீலுக்கு எழுத அனுமதி கேளுங்கள், அதையும் மின்னஞ்சலில்.