நிலப் பயன்பாட்டு மாற்றமும் தோட்டத் தமிழ்ச் சொற்பொருளும்: இலங்கை, மலேசியா ஒப்பீடு

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானிய ஆட்சியின்கீழ் இலங்கையிலும் மலாயாவிலும் காடுகள் அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் உருவாயின. இரு நாடுகளிலும் தமிழகத்திலிருந்து கங்காணிகள் வழியாகச் சென்றோர் அத்தோட்டங்களில் உழைத்தனர். ஆயினும் பிற்காலத்தில் இவ்விரு நிலங்களும் வெவ்வேறு வழிகளில் சென்றன. அவ்வேறுபாடு தோட்டத் தமிழ்ச் சொற்களின் வாழ்வை எவ்வாறு பாதித்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இலங்கை: பயிர் நிலைத்த நிலம்

உரிமை மெய்ப்பிக்கப்படாத காடுகளையும் தரிசுகளையும் 1840ஆம் ஆண்டுச் சட்டம் முடிக்குரிய நிலமாகக் கொண்டது. மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருக இது துணைசெய்தது. 1869இல் அறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை வீழ்த்தியது. அதற்கு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பிக்கு அறுவடைப் பருவத்தில்தான் ஆட்கள் மிகுதியாகத் தேவைப்பட்டனர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. எனவே தொழிலாளர் குடும்பங்கள் லயங்களிலேயே நிலைபெற்றன.

1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. 1992இல் நிருவாகம் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. உடைமையும் நிருவாகமும் மாறியபோதும் மலைநாட்டின் முதன்மைப் பயிராகத் தேயிலையே நீடித்தது.

மலேசியா: பயிர் மாறிய நிலம்

மலாயாவில் கரும்பும் காப்பியும் முதலில் பயிராயின. 1896இல் மலாக்காவில் டான் சே யான் வணிக நோக்கில் இரப்பர் பயிரிட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பரே முதன்மைப் பயிராயிற்று. 1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் செம்பனை வணிகப் பயிராகத் தொடங்கியது. இரப்பர் விலை சரிந்த 1960களுக்குப் பின் செம்பனை விரைந்து பரவி, 1990ஆம் ஆண்டளவில் பரப்பளவில் இரப்பரை விஞ்சியது. இடையே தோட்டத் துண்டாடல் பலரை வெளியேற்றியது. அதற்கு எதிர்வினையாக 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. 1990களில் பிராங் பெசார் உள்ளிட்ட தோட்டங்கள் புத்ராஜெயா நகராயின.

சொற்பொருளின் நிலை

'லயம்', 'பிரட்டு' போன்ற சொற்கள் இரு நாட்டிற்கும் பொது. பயிர் சார்ந்த சொற்களில்தான் வேறுபாடு தோன்றுகிறது. இலங்கையில் 'மலை' என்பது தேயிலை வேலைத்தளத்தையும் குறிக்கும். 'மலைக்குப் போதல்' வேலைக்குச் செல்லுதலாகும். 'கொழுந்து', 'கவ்வாத்து' ஆகியவை இன்றும் அன்றாட வழக்கில் உள்ளன. நிலமும் வேலையும் நீடிப்பதால் அவற்றின் பொருளை விளக்க வேண்டிய தேவை அங்கு எழவில்லை.

மலேசியத் தோட்ட வழக்கில் 'மரம் வெட்டுதல்' என்பது மரத்தைச் சாய்த்தலன்று. பால்மரத்தின் பட்டையைக் கீறிப் பாலெடுத்தல். 'மங்கு' பால் சேரும் கிண்ணம். 'ஒட்டுப்பால்' பட்டையிலும் மங்கிலும் உறைந்து எஞ்சுவது. இரப்பர் நீங்கிய இடத்தில் இச்சொற்களுக்குரிய செயலும் நீங்கியது. நகரத்தில் வளர்ந்த வாசகர், தோட்டப் புதினம் ஒன்றில் 'மரம் வெட்டப் போனாள்' என்பது போன்ற தொடரைக் கண்டால் நேர்மாறான பொருள் கொள்ளக்கூடும்.

இவ்வேறுபாட்டுக்குப் பயிர் மாற்றம் மட்டுமே காரணமன்று. இலங்கையில் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. மலேசியாவிலும் குடியுரிமைச் சிக்கல் பலரைத் தாயகம் திரும்பச் செய்தது. ஆயினும் இலங்கையில் எஞ்சியோர்க்கு அதே வேலைத்தளம் இருந்தது. மலேசியாவில் எஞ்சியோர் பலர்க்கு அதுவும் இல்லாமற் போயிற்று.

முடிவுரை

உடைமை மாற்றத்தைக் காட்டிலும் பயிர் மாற்றமே தொழிற்சொற்களை மிகுதியாகப் பாதிக்கிறது என்பது இவ்வொப்பீட்டால் பெறப்படுகிறது. ஆதலின் புலம்பெயர் தோட்ட இலக்கியத்திற்குச் சொல்லடைவு தொகுப்போர் ஒவ்வொரு சொல்லுக்கும் நாடு, பயிர், காலம் ஆகிய மூன்றையும் குறித்தல் வேண்டும். இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தலைமுறை முதுமையடைந்துவிட்டமையால், மலேசியச் சொற்களைத் தொகுக்கும் பணி முதலில் செய்யத்தக்கது.