அம்பாசிடர் எஞ்சினைப் பிரிக்குமுன்

சாலைக் கம்போளத்தில் மொத்த வியாபாரம் செய்து வந்த நம் குடும்பங்கள் பலவற்றில் ஒரு காலத்தில் அம்பாசிடர் கார் இருந்தது. கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 2014-இல் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஆயினும் அப்பா வாங்கிய வண்டியை விற்க மனமின்றி வைத்திருப்போர் இன்றும் உண்டு. அவ்வீட்டு இளைஞர்கள் கேட்பது ஒன்றே: "பெரிய பிஸ்டன் போட்டால் வண்டி நன்றாக இழுக்குமா?" பணம் இறைக்குமுன் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பழைய பெட்ரோல் அம்பாசிடரில் இருப்பது 1,489 சி.சி. எஞ்சின். சிலிண்டரின் விட்டம் 73 மி.மீ.க்குச் சற்று மேல். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 88.9 மி.மீ. லேத் பட்டறையில் 'நாற்பது ஓவர்சைஸ்' போர் செய்தால் விட்டம் ஏறத்தாழ 1 மி.மீ. கூடும். கொள்ளளவு 1,531 சி.சி. ஆகும். அதாவது, இத்தனை செலவுக்கும் கிடைப்பது 42 சி.சி.; நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை! தேய்ந்த சிலிண்டரைச் சீராக்கவே போர் செய்கிறோம். சக்தியைக் கூட்ட அது வழியாகாது.

பின் எது வழி? இதே 1,489 சி.சி. எஞ்சினை இங்கிலாந்தில் 1955-இல் வந்த எம்.ஜி.ஏ. என்னும் விளையாட்டுக் காரிலும் பொருத்தினார்கள். அம்பாசிடரில் 4,200 சுற்றில் சுமார் 50 குதிரைத்திறன் தந்த எஞ்சின், அதில் 5,500 சுற்றில் 68-உம், பின்னர் 72-உம் தந்தது. விட்டமும் ஓட்டமும் மாறவில்லை. மாறியவை இரட்டைக் கார்புரேட்டர், காற்று தாராளமாகப் போய்வரும் ஹெட், மற்றும் அழுத்த விகிதம். அம்பாசிடரில் 7.2 ஆக இருந்த விகிதம் அங்கே 8.3 ஆயிற்று.

இந்த விகிதத்தை வீட்டிலேயே அளக்கலாம். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 372 சி.சி. விகிதம் 7.2 என்றால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மீதமிருக்கும் இடம் 372-ஐ 6.2-ஆல் வகுத்தால் வரும்: 60 சி.சி. விகிதம் 8.3 ஆக வேண்டுமானால் அது 51 சி.சி. ஆகவேண்டும். வித்தியாசம் வெறும் 9 சி.சி.தான்; இரண்டு தேக்கரண்டிக்கும் குறைவு.

கழற்றிய ஹெட்டைக் கவிழ்த்து மட்டமாக வையுங்கள். வால்வுகளும் பிளக்கும் இருந்தபடியே இருக்கட்டும். குழியின் விளிம்பில் கிரீஸ் தடவி, சிறு துளையிட்ட கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டை அழுத்தி, மருந்துக்கடை ஊசிக்குழலால் மண்ணெண்ணெயை அத்துளை வழியே நிரப்புங்கள். எத்தனை மில்லி ஏறியதோ அதுவே குழியின் அளவு. (இத்துடன் கேஸ்கட்டின் தடிமனும், பிஸ்டன் தலையில் குழிவிருந்தால் அதுவும் சேரும்.) நான்கு குழிகளும் ஒத்திருக்க வேண்டும். முன்பே யாராவது ஹெட்டைச் சீவியிருந்தால் இந்த அளவில் தெரிந்துவிடும். அதை அறியாமல் மறுபடியும் 'பேஸிங்' செய்யக் கொடுத்தால் எஞ்சின் தட்ட ஆரம்பிக்கும். பிஸ்டன் ஓட்டையாகும்வரை போகும்.

பேராசையும் வேண்டாம். இந்த எஞ்சினின் கிராங்க் ஷாப்டைத் தாங்குபவை மூன்றே மெயின் பேரிங்குகள். இதே குடும்பத்து எஞ்சினுக்கு 1964-இல் ஐந்து பேரிங் கொடுத்தது காரணமில்லாமலா? எம்.ஜி.ஏ. போல 5,500 சுற்றுக்கு விரட்டுவதை விட்டு, விகிதத்தை 8-க்குள் நிறுத்தினால் மலைச்சாலையில் இழுவை கூடும், எஞ்சினும் நிலைக்கும்.

சிலிண்டரைப் போர் செய்வதும் கிராங்கைக் கடைவதும் பட்டறை வேலை. பிரிப்பது, அளப்பது, கோப்பது நம் வேலை. நான்கு பிஸ்டன்களையும் கனெக்டிங் ராடுகளையும் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஒரு கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு கம்போளத்திலேயே கிடைக்கும். ஒன்று கனத்தால், மற்றவற்றுக்குச் சமமாகும்படி பட்டறையில் சீவித் தருவார்கள். காசு அதிகம் ஆகாது. அதிர்வு குறைவது ஓட்டும்போதே தெரியும். ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் இறக்கி, அதன் வாய் இடைவெளியைப் பீலர் கேஜால் அளக்க வேண்டும். கால் மி.மீ. அளவு இருக்கட்டும். இடைவெளியே இல்லாவிட்டால், சூட்டில் ரிங் விரிந்து சிலிண்டரைக் கீறிவிடும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று, கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆகவே வேறு எஞ்சின் மாற்றும் எண்ணமிருந்தால், முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஆர்.சி. புத்தகத்திலுள்ள எண்ணும் பிளாக்கிலுள்ள எண்ணும் ஒத்திருக்க வேண்டும்.

இப்போது பங்குகளில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர்க் குழாய்களை அது கெடுக்கும். எஞ்சினைக் கோக்கும்போதே அவற்றை மாற்றிவிடுங்கள். ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, இரண்டு மூன்று சுற்றாக, டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். முதல் 800 கிலோமீட்டர் விரட்டாமல் ஓட்டி, எண்ணெயை மாற்றி, டாப்பெட் இடைவெளியை மறுபடியும் சரிபாருங்கள்.