எழுத்துக்கு உருவம் தந்த தூரிகை

நுழையும்முன்

கதையைப் படிக்கும்போது நம் மனத்துள் ஓர் உலகம் விரிகிறது. அவ்வுலகைப் பிறர் காண வரைந்து காட்டுவது எளிதன்று. அப்பணியையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட ஓவியர் ஒருவரைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

பாடம்

ஆலன் லீ 1947ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். ஈலிங் கலைப்பள்ளியில் பயின்றார். பின்னர் டார்ட்மூர் பகுதியில் குடியேறினார். பாசி படர்ந்த பாறைகளும் முறுக்கிய கிளைகளும் மூடுபனியும் நிறைந்த நிலம் அது. அந்நிலத்தின் சாயலை அவருடைய கற்பனைக் காடுகளில் காணலாம். பிரையன் ஃபிரவுடுடன் இணைந்து அவர் உருவாக்கிய ‘ஃபேரீஸ்’ என்னும் நூல் 1978இல் வெளிவந்தது.

டோல்கீன் எழுதிய ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ புதினத்தின் ஓவியப் பதிப்பு 1991இல் வெளியாயிற்று. அதற்கு லீ 50 நீர்வண்ண ஓவியங்களைத் தீட்டினார். கதையின் உச்சக் காட்சிகளை வரைவதை அவர் பெரும்பாலும் தவிர்த்தார். அனைத்தையும் ஓவியரே காட்டிவிட்டால் வாசகரின் கற்பனைக்கு என்ன எஞ்சும்? ஆகவே, கதைமாந்தரைத் தொலைவில் நின்று பின்தொடர்வதுபோல் வரைந்தார். ‘இலியட்’ காவியத்தைச் சிறார்க்குக் கூறும் நூலுக்கு வரைந்த ஓவியங்களுக்காகக் கேட் கிரீனவே பதக்கம் பெற்றார்.

இயக்குநர் பீட்டர் ஜாக்சன் அப்புதினத்தைத் திரைப்படமாக்க முனைந்தபோது, லீயை நியூசிலாந்துக்கு அழைத்தார். அங்கே பணியின் இயல்பே மாறியது. நூலில் ஒரு கோட்டையின் பாதியைப் பனியால் மறைக்கலாம். திரைப்படத்தில் அவ்வாறு இயலாது. தூணின் உயரம் எவ்வளவு? கதவில் எவ்வகைச் செதுக்கல்? தச்சர்க்கும் சிற்பியர்க்கும் அவர் விடையளிக்க வேண்டியிருந்தது. கனடா நாட்டு ஓவியர் ஜான் ஹோவும் அவருடன் பணியாற்றினார். அவர்கள் வரைந்தவற்றைக் கொண்டு கலைஞர் பலர் அரங்குகளையும் சிற்றுருவ மாதிரிகளையும் அமைத்தனர். எடோராஸ் என்னும் ஊர் ஒரு குன்றின்மேல் மெய்யாகவே எழுப்பப்பட்டது.

மூன்றாம் படத்தின் கலை இயக்கத்திற்காக 2004இல் ஆஸ்கர் விருது வழங்கப்பட்டது. அதனைக் கிராண்ட் மேஜர், டான் ஹென்னா ஆகியோருடன் லீ பகிர்ந்துகொண்டார்.

மாணவர்களே! நூலோவியர் வாசகர்க்கு இடம் விடுகிறார். திரைக் கருத்துரு ஓவியர் உடன் உழைப்போர்க்கு வழி காட்டுகிறார். எதை வரைவது என்பதோடு, யாருக்காக வரைகிறோம் என்பதையும் அறிந்தவரே சிறந்த ஓவியர்.

சொற்பொருள்

புதினம் – நாவல்
எஞ்சும் – மீதமிருக்கும்
கருத்துரு ஓவியர் – படப்பிடிப்புக்கு முன் காட்சிகளை வரைந்து வடிவமைப்பவர்

விடையளிக்க

1. லீ உச்சக் காட்சிகளை வரையத் தயங்கியது ஏன்?
2. நூலோவியத்திற்கும் திரைக் கருத்துரு ஓவியத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?
3. உங்கள் பாட்டி கூறிய கதை ஒன்றை நினைவுகூர்க. அதில் எக்காட்சியை வரைவீர்கள்? எக்காட்சியை வரையாமல் விடுவீர்கள்? காரணத்துடன் ஐந்து வரிகளில் எழுதுக.