புதிய ஒலிப்பதிவு மென்பொருள்: மாறுமுன் கணக்குப் பாருங்கள்

மன்னாரிலோ எருக்கலம்பிட்டியிலோ வீட்டின் ஓர் அறையிலேயே விளம்பரமும் பாடலும் ஒலிப்பதிவு செய்து தொழில் நடத்தலாம். ஒரு கணனி, ஒரு மைக், ஒரு மென்பொருள் போதும். ஆனால், மென்பொருள் நிறுவனமே கைவிட்டால் உங்கள் வாடிக்கையாளரின் வேலை என்னவாகும்?

அமெரிக்காவின் கேக்வாக் நிறுவனம் நல்லதொரு பாடம். 2013 இல் அதனை வாங்கிய கிப்சன், 2016 இல் 'சோனார்' மென்பொருளுக்கு ஆயுட்கால மேம்படுத்தல் என்று விற்றது. 2017 நவம்பரில் தயாரிப்பையே நிறுத்தியது. 2018 பெப்ரவரியில் சிங்கப்பூரின் பேண்ட்லேப் அதனை வாங்கி இலவசமாக வழங்கியதால் பழைய வேலைகள் தப்பின. எப்போதும் இப்படி அமையாது.

எனவே மாறுமுன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள்.

முதலாவது, ஒவ்வொரு குரலையும் வாத்தியத்தையும் பாடலின் தொடக்கத்திலிருந்தே தனித்தனி 'வேவ்' கோப்பாகச் சேமியுங்கள். எந்த மென்பொருளிலும் அவை திறக்கும், ஒன்றோடொன்று பொருந்தும். சீடி தர ஸ்டீரியோ ஒலி நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட்தான். அதை வேறொரு ஹார்ட் டிஸ்க்கிலும் பிரதி எடுங்கள்.

இரண்டாவது, பழையதை அழிக்காமல் புதியதைப் பரீட்சார்த்தப் பதிப்பில் ஓட்டிப் பாருங்கள். உங்கள் கணனிக்கும் ஒலிக்கருவிக்கும் அது ஒத்துவருகிறதா என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, ஒப்புக்கொண்ட வேலையை முடித்துக் கொடுத்த பின்னரே மாறுங்கள்.

திருட்டுப் பிரதி வேண்டாம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளையும் பாதுகாக்கிறது. பணமில்லையெனில் 'ஓடாசிட்டி' இலவசமாகவே கிடைக்கிறது.

மென்பொருள் போகலாம், வாடிக்கையாளரின் அமானிதம் போகக்கூடாது.