பம்மல் சம்பந்த முதலியாரும் நாடக வசனமும்

செய்யுளே இலக்கியமென்றும், மேடையிற் பேசும் வசனம் வெறும் பொழுதுபோக்கென்றும் எண்ணுதல் தமிழ் பயில்வாரிடை இன்னும் அற்றுப்போகவில்லை. கொரியா நாட்டிலோ தொலைக்காட்சி நாடகங்களை எழுதும் கிம் உன் சூக் போன்றாருடைய பெயர் நடிகர் பெயரோடொப்பச் சொல்லப்படுகின்றது. நம் மொழியில் உரையாடல் எழுதுதலை வாழ்நாட்பணியாக மேற்கொண்டவருள் முதற்கண் வைத்தெண்ணத் தக்கவர் பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964).

பம்மல் என்பது செங்கற்பட்டு மாவட்டத்தில் பல்லாவரத்தை அடுத்துள்ள ஊர். பல்லாவரத்துக் குகைக்கோயிலில் தன் விருதுப்பெயர்களைப் பொறித்த மகேந்திரவர்மனே ‘மத்தவிலாசம்’ என்னும் நகை நாடகத்தை வடமொழியில் இயற்றியவன். மாமல்லபுரத்துக்குப் பெயர் தந்த மாமல்லன் அவன் மைந்தன். அக்கடற்கரைக்குச் செல்வோர் மைந்தனை நினைப்பர். நாடகம் எழுதிய தந்தையை நினைப்பார் அரியர். நிற்க.

1891-ஆம் ஆண்டில் பல்லாரி வக்கீல் தர்மவரம் இராமகிருஷ்ணமாசார்யுலுவின் குழுவினர் சென்னையில் தெலுங்கு நாடகங்களை நடத்தினர். கற்றோர் மேடையேறுதல் இழுக்கென்றிருந்த காலம் அது. அந்நாடகங்களைக் கண்ட முதலியார் அவ்வாண்டே நண்பர் சிலருடன் சுகுண விலாச சபையை நிறுவினார். அப்போது அவருக்கு வயது 18. நம்மிற் பலர் வயதே என்க.

அக்காலத்துத் தமிழ் நாடகம் பெரும்பாலும் பாட்டாலாயது. அரசன் அழுதாலும் பாட்டு. சேவகன் ஓடிவந்தாலும் பாட்டு. முதலியார் பாட்டைச் சுருக்கி வசனத்தைப் பெருக்கினார். ‘மனோகரா’வில் தாய் சொல்லுக்குக் கட்டுண்டு சினத்தை அடக்கி நிற்கிறான் மகன். அவனுள்ளத்தே கோபமும் அன்பும் மாறிமாறி எழுங்கால் இராகமெடுத்துப் பாட இடமேது? குறுகிய வாக்கியமே அதற்கு ஏற்றது.

ஷேக்ஸ்பியர் நாடகங்களை அவர் தமிழாக்கிய திறம், ஆங்கிலமும் கற்கும் நமக்கு இன்பந் தருவது. ஹாம்லெட் அமலாதித்யனாகிறான், மாக்பெத் மகபதியாகிறான், வெனிஸ் நகரம் வாணிபுரமாகின்றது. மூலத்தின் ஒலி முற்றும் போகவுமில்லை. பெயர் அயலாக நிற்கவுமில்லை. வடசொல் மிகுதி என்பார் கூற்றை மறுத்தற்கில்லை. ஆயினும் மேடையில் நின்று கூவி அழைக்கத் தகும் பெயர்கள் அவை.

வக்கீல் தொழில் செய்த அவர் 1924 முதல் 1928 வரை சென்னை ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதியாக அமர்ந்தார். நீதிபதியே நாடகமும் ஆடுவாராயின் ‘கூத்தாடி’ என்னும் வசைக்கு வலியேது!

பின்னர்ப் பேசும்படம் வந்தது. 1936-இல் ‘மனோகரா’ படமாயிற்று. அதில் அவர் தாமும் நடித்தார். 1941-இல் ஏ. வி. மெய்யப்பன் ‘சபாபதி’யைப் படமாக்கினார். எசமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர் என்பதே அதில் நகைப்பின் வித்து. தமிழாசிரியரும் அங்கு நகைக்கிலக்காவர். நம் துறையார் பொறுத்தருள்க.

1954-இல் ‘மனோகரா’ மீண்டும் படமானபோது வசனம் எழுதியவர் மு. கருணாநிதி, பேசியவர் சிவாஜி கணேசன். கதை முதலியாருடையது, சொல் வேறொருவருடையது. நாடகத்தையும் படத்தின் வசனத்தையும் அருகருகே வைத்துப் படித்தல் நம் வகுப்புக்கு நல்லதொரு பாடமாகும். முதலியார் பாட்டினின்று பிரித்தெடுத்த வசனம், மோனையும் அடுக்கும் பூண்டு மீண்டும் பாட்டை நோக்கி நடப்பதை அங்கே காணலாம். அப்படம் வெளிவந்தபோது முதலியார் உயிரோடிருந்தார், அகவை 81.