விரிவுரை மண்டபத்துக்கு அப்பால்: கணினிப் பேராசிரியர் ஒருவரின் ஓராண்டு

கணினி விஞ்ஞானப் பேராசிரியர் என்றதும், வெண்பலகையின் முன்னே நின்று செய்நிரல் எழுதிக் காட்டும் ஒருவரின் உருவமே எம் மனக்கண்ணில் தோன்றுகின்றது. வாரத்தில் சில மணித்தியாலங்கள் வகுப்பெடுப்பவருக்கு மீதி நேரத்தில் என்ன வேலை என்று கேட்போரும் உளர். உயர்தரத்தில் எந்தப் பிரிவைத் தெரிவது, பல்கலைக்கழகத்தில் எதைப் படிப்பது என்று எண்ணிக்கொண்டிருக்கும் மாணவியர் இப்பணியின் முழு உருவத்தையும் அறிந்திருப்பது நல்லது.

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியர் பதவி உயர்வுக்கு விண்ணப்பிப்பவரின் பணி மூன்று பிரிவுகளில் அளக்கப்பட்டுப் புள்ளியிடப்படுகின்றது. முதலாவது, கற்பித்தலும் கல்வி விருத்தியும். இரண்டாவது, ஆய்வும் படைப்பும். மூன்றாவது, அறிவைப் பரப்புதலும் பல்கலைக்கழகத்துக்கும் நாட்டுக்கும் ஆற்றும் சேவையும். படிவத்தில் இவை தனித்தனிப் பிரிவுகள். ஆயினும், நல்ல பேராசிரியர் ஒருவரின் ஓராண்டைக் கூர்ந்து நோக்கினால், ஒரே கேள்வி இம்மூன்றிலும் நடமாடுவது புலப்படும். எமக்கு நன்கு தெரிந்த இரணைமடுவை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை நோக்குவோம்.

குளமும் அறிவியல்நகரும்

வட மாகாணத்தின் மிகப் பெரிய குளம் இரணைமடு. கனகராயன் ஆற்றை மறித்து இதனைக் கட்டும் வேலை 1902 இல் தொடங்கியது. பின்னர் பல தடவைகள் அணைக்கட்டு உயர்த்தப்பட்டு, அண்மைய புனரமைப்பின் பின் 36 அடி நீரைத் தேக்கும் குளமாக விளங்குகின்றது. கிளிநொச்சி வயல்களின் காலபோகமும் சிறுபோகமும் இக்குளத்தை நம்பியுள்ளன.

ஏ-9 வீதியில், இரணைமடுச் சந்திக்கு அண்மையில் அறிவியல்நகர் உள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் அங்கேதான் இயங்குகின்றது. கணினிப் பொறியியலுக்கென அப்பீடத்தில் ஒரு துறை உண்டு. வவுனியா வளாகமும் 2021 ஆகஸ்ட் முதலாம் திகதி தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ஆகவே இக்கட்டுரையில் பேசப்படும் பணி எங்கோ தொலைவில் நடக்கும் ஒன்றன்று. வன்னி மண்ணிலேயே நடப்பது.

கற்பித்தல்

பல்கலைக்கழகத்தில் ஓராண்டு இரண்டு அரையாண்டுப் பருவங்களாகப் பிரிக்கப்படுகின்றது. ஒரு பருவத்தில் விரிவுரைகள் பொதுவாக 15 வாரங்கள் நடைபெறும். வாரம் மூன்று மணித்தியாலம் வீதம் ஒரு பாடத்துக்கு 45 மணித்தியாலங்கள். மாணவி கண்ணாற் காண்பது இவ்வளவே. ஒவ்வொரு விரிவுரைக்கும் முன்னே ஆயத்தம் உண்டு. கணினித் துறை விரைந்து மாறுவதால், ஐந்து ஆண்டுகளுக்கு முன் எழுதிய குறிப்பை அப்படியே வாசிக்க முடியாது. விரிவுரைக்குப் பின்னே ஆய்வுகூடப் பயிற்சியும் ஒப்படைகளும் உண்டு.

பருவ முடிவில் பரீட்சை. வினாத்தாளைத் தயாரித்தவரே அதனை இறுதியாக்கிவிட முடியாது. இன்னொருவர் அதனைச் சீர்பார்ப்பார். விடைத்தாள்களும் இரண்டாவது பரீட்சகரிடம் செல்லும். 60 மாணவர் எழுதிய ஒரு பாடத்தில், ஒரு விடைத்தாளுக்கு 20 நிமிடம் என்று கொண்டாலும், திருத்துவதற்கு மட்டும் 20 மணித்தியாலங்கள் வேண்டும். இவற்றோடு இறுதியாண்டு மாணவரின் ஆய்வுச் செயற்றிட்டங்களையும் வழிநடத்த வேண்டும்.

எமது மாணவரைப் பொறுத்தவரை இங்கே இன்னொரு பொறுப்பும் சேர்கின்றது. உயர்தரம் வரை தமிழில் கற்றவர்கள், பல்கலைக்கழகத்தில் கணினியை ஆங்கிலத்தில் கற்கவேண்டியுள்ளது. முதலாண்டில் ஒரு மாணவி தடுமாறும்போது, விளங்காதது பாடமா, மொழியா என்று பிரித்தறிவது ஆசிரியரின் திறமை. கணிதத்தில் கெட்டிக்காரியான ஒருத்தி மொழித் தயக்கத்தால் வகுப்பில் வாய்திறக்காமல் இருந்து, தனக்கு இத்துறை பொருந்தாது என்று முடிவுசெய்துவிடக்கூடும். அவளை அந்த முடிவிலிருந்து மீட்பதும் கற்பித்தலே.

ஆய்வு

இனி அதே பேராசிரியரின் ஆய்வுப் பக்கத்தைப் பார்ப்போம். 2018 டிசம்பர் 21, 22 ஆம் திகதிகளில் பெய்த பெருமழையால் இரணைமடு நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டனர். குளம் எந்நேரத்தில் எவ்வளவு உயரும் என்பதை முன்கூட்டியே கணிக்க முடியுமா என்பது ஒரு கணினி விஞ்ஞானக் கேள்வியுமாகும்.

இதற்கு இயந்திரக் கற்றல் என்னும் முறை பயன்படும். கடந்த ஆண்டுகளின் மழைவீழ்ச்சி, ஆற்றின் நீர்வரத்து, குளத்தின் நீர்மட்டம் ஆகிய தரவுகளைக் கணினிக்குக் கொடுத்தால், மழைக்கும் நீர்மட்டத்துக்கும் உள்ள தொடர்பை அது கண்டுகொள்ளும். எல்லாத் தரவுகளையும் பயிற்சிக்கே கொடுத்துவிடக் கூடாது. சில ஆண்டுகளை ஒதுக்கி வைத்து, கணினி முன்னர் காணாத அந்த ஆண்டுகளில் அதன் கணிப்பைச் சோதிக்க வேண்டும். கடந்தகால வினாத்தாளை மனனம் செய்தவளுக்கும் பாடத்தை விளங்கியவளுக்கும் உள்ள வேறுபாடு புதிய வினாத்தாளில்தானே தெரியும்!

இங்கே ஒரு பொறியும் உண்டு. ஒரு பேச்சுக்கு, நூறு நாட்களில் ஒரு நாள் மட்டுமே வெள்ள ஆபத்து உள்ளதென வைத்துக்கொள்வோம். எந்நாளும் "ஆபத்து இல்லை" என்றே கூறும் செய்நிரல் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாட்கள் சரியாகவே கூறும். ஆயினும் அதனால் ஒரு பயனும் இல்லை. தவறவிட்ட அந்த ஒரு நாளில்தான் வயலும் வீடும் போகின்றன. மறுபுறம், அடிக்கடி பொய் எச்சரிக்கை தந்தால் மக்கள் அதனை நம்பமாட்டார்கள். தேவையின்றித் திறந்துவிட்ட தண்ணீர் சிறுபோகத்துக்குக் கிடையாமற் போகும். எந்தத் தவறுக்கு என்ன விலை என்பதை அறிய, ஆய்வாளர் கணினித் திரையை விட்டு எழுந்து விவசாயியிடமும் நீர்ப்பாசனப் பொறியியலாளரிடமும் செல்லவேண்டியிருக்கும்.

ஆய்வின் முடிவு கட்டுரையாக எழுதப்பட்டுத் துறை அறிஞர்களின் மதிப்பாய்வுக்குச் செல்லும். திருத்தங்கள் வரும், சிலவேளை நிராகரிக்கப்படும். திருத்தி மீண்டும் அனுப்புவதும் ஆண்டு வேலைத்திட்டத்தில் அடங்கும். நூறு நாள் உதாரணம் அடுத்த பருவத்தில் ஒரு விரிவுரையாகவோ பரீட்சை வினாவாகவோ மாறும். ஆய்வு கற்பித்தலுக்குள் நுழைவது இவ்வாறுதான்.

சேவை

மூன்றாவது பிரிவு வெளியாருக்கு மிகக் குறைவாகத் தெரிவது. துறைக் கூட்டங்கள், பாடத்திட்டத் திருத்தம், பிறரின் கட்டுரைகளை மதிப்பாய்வு செய்தல், பாடசாலை ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பட்டறைகள், அரச திணைக்களங்களுக்கு ஆலோசனை எனப் பல இதில் அடங்கும்.

இதன் பெறுமதியை அறியப் பேராசிரியர் வி. கே. சமரநாயக்கவின் வாழ்வைப் பார்க்கலாம். கணிதப் பேராசிரியரான அவர், 1987 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் உருவான கணினித் தொழில்நுட்ப நிறுவகத்தின் ஆரம்பப் பணிப்பாளர். 2002 இல் உருவான கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரிக்கு அடித்தளமாக அமைந்தது அந்நிறுவகமே. 2000 ஆம் ஆண்டில் தொடங்கிய தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம், பல்கலைக்கழக அனுமதி கிடைக்காதவர்களுக்கும் ஊரிலிருந்தே படிக்கும் வழியைத் திறந்தது. அவர் 2007 இல் காலமானார். அவர் வகுப்பில் அமர்ந்திராத பலரும் அவர் பணியாற் பயன்பெற்றவர்களே.

மொழிசார் பணியும் இத்தகையதே. சிங்களத்தில் வரும் அரச கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வாசித்துச் சொல்ல ஆள் தேடுவோரை எம்மூரில் காண்கிறோம். மொறட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அரச ஆவணங்களுக்கான சிங்கள – தமிழ் இயந்திர மொழிபெயர்ப்பில் உழைத்து வந்துள்ளனர். ஒரே வசனம் இரு மொழிகளிலும் அமைந்த ஏராளமான சோடிகள் இதற்கு வேண்டும். அவற்றைத் திரட்டிப் பிழைபார்க்க இரு மொழியும் அறிந்தவர் வேண்டும்.

மூன்றும் இணைந்த முன்னோடிகள்

இந்த இணைப்பு புதியதன்று. 9 ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்தே "அல்கோரிதம்" என்னும் சொல் பிறந்தது. அட்சரகணிதம் பற்றிய தம் நூலின் முன்னுரையில், வாரிசுரிமைப் பங்கீடு, வணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் முதலியவற்றில் மக்களுக்குத் தேவைப்படும் கணக்குகளுக்காகவே அதனை எழுதியதாக அவர் குறிப்பிடுகின்றார். ஆய்வையும் கற்பித்தலையும் மக்களின் தேவையையும் அவர் ஒரே நூலில் இணைத்தார்.

எமது காலத்தில் பார்பரா லிஸ்கோவைக் கூறலாம். அமெரிக்காவில் கணினி விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதற் பெண்களில் ஒருவரான அவர், மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் பேராசிரியரானார். 1970களில் தம் மாணவர்களோடு சேர்ந்து சிஎல்யூ என்னும் நிரலாக்க மொழியை உருவாக்கினார். அவ்வாய்வின் கருத்துகள் பின்னர் பாடநூலாகி வகுப்புக்கு வந்தன. 2008 ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

எமக்கு உரியது என்ன?

ஆண்டுக்கு 365 நாட்களே உள்ளன. விடைத்தாள் குவிந்திருக்கும்போது ஆய்வு தள்ளிப்போகும். ஆய்வுக் கட்டுரைக்கான இறுதித் திகதி நெருங்கும்போது சேவை குறையும். மூன்றும் வெவ்வேறு திசைகளில் இழுத்தால் இப்பணி பெருஞ்சுமை. ஒரே கேள்வியிலிருந்து பிறந்தால், ஒன்றுக்காக உழைத்தது மற்றதற்கும் உதவும்.

அந்தக் கேள்வியை யார் கேட்பது என்பதே எமக்கு முக்கியம். இரணைமடுவின் வான்கதவும் தமிழில் வராத கடிதமும், அவற்றோடு வாழ்ந்தவர்களுக்குத்தான் முதலில் ஆய்வுப் பொருளாகத் தோன்றும். எம்மிலிருந்து ஒருவரும் அந்த இடத்துக்குச் செல்லாவிட்டால், பல கேள்விகள் கேட்கப்படாமலேயே போய்விடும்.

ஆகவே மாணவியரே, கணிதத்தைக் கண்டு அஞ்சாதீர்கள். ஆங்கிலத்தை நாளுக்குச் சிறிதாகப் பழகுங்கள். தமிழை அதற்காகக் கைவிடாதீர்கள். உங்கள் ஊரில் எண்ணாலும் தரவாலும் விடை காணத்தக்க ஒரு பிரச்சினையைத் தெரிந்து, இன்றே ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புக் கேட்கும் நாளில் அது உங்களுக்குக் கைகொடுக்கும்.